மணிக்குள் ஒரு சிட்டிகை மணல்

பெங்களூரு அல்சூர் வீட்டு மொட்டைமாடியில் இன்றும் கண்ணாடிப் பாசிமணிதான். எஃகுக் கம்பியில் களிமண் பூச்சு தடவி, உருகும் கண்ணாடியை அதில் இரண்டு தட்டாகச் சுற்றி, ஓரங்களை வளர்த்து மூடினால், உள்ளே சிக்கிய காற்றே சூட்டில் விரிந்து அதை உருண்டையாக்கிவிடும். அப்புறம் சூளையில் 500 டிகிரி வாக்கில் வைத்து மெல்ல ஆறவிட வேண்டும். அவசரப்பட்டு, போன வாரம் இரண்டு விரிசல் விட்டுப் போச்சு.

ஆறிய பிறகு கம்பியை உருவினால் இரு பக்கமும் துளை; அதன் வழியாகத்தான் நிரப்புவது. இந்த முறை ஆச்சி ஊர்ப் படித்துறையிலிருந்து தாமிரபரணி மணல். ஒரு துளையை மெழுகால் அடைத்து, மறு துளையில் ஊதுபத்தி அட்டையைச் சுருட்டிப் புனலாக்கினேன். மணலில் ஈரம் இருந்திருக்கும் போல, மறுநாள் கண்ணாடிக்குள் மூட்டம்! கொட்டிவிட்டு மணலை இரும்புச் சட்டியில் வறுத்தேன்.

"ஏட்டி, ரவையா வறுக்கே?" என்றாள் அம்மா. சட்டியைப் பார்த்துவிட்டு வேறென்னவோ சொன்னாள். அது இங்கே வேண்டாம்.