ஏழாவது படியில் ஆரத்தி

ரெடிங்கில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டில் மாடிக்கு 13 படிகள். என் இடுப்பு எண்ணிச் சொன்ன கணக்கு, தப்பாக இருக்க வாய்ப்பில்லை.

இங்கிலாந்து வீடுகளில் பெரும்பாலும் மரப்படிதான். வெறுமனே விட்டால் தடதடவென்று சத்தம், குளிர்காலத்தில் காலும் விறைக்கும். அதனால் மேலிருந்து கீழ்வரை கார்ப்பெட்டை இழுத்து அடித்துவிடுகிறார்கள். எங்கள் வீட்டுக் கார்ப்பெட் தயிர்சாத நிறம். சாம்பார் சாப்பிடுகிற குடும்பம் குடிவரும் என்று லேண்ட்லார்ட் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

மே மாதம் அம்மா கும்பகோணத்திலிருந்து ஆறு மாத விசாவில் வந்தார். காவி பூசிய தரையில் நாற்பது வருடம் குடித்தனம் நடத்தியவர். படிக்கட்டைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "இதை எப்படிடா துடைப்பீங்க?"

துடைக்க முடியாது, உறிஞ்சத்தான் வேண்டும் என்று சொல்லி ஹென்றியைக் காட்டினேன். இங்கே நிறைய வீடுகளில் இருக்கிற சிவப்பு ஹூவர், அதாவது தூசி உறிஞ்சும் மெஷின். உருண்டை உடம்பு, மேலே கறுப்புத் தொப்பி, முகத்தில் இரண்டு கண், ஒரு சிரிப்பு, மூக்கிருக்க வேண்டிய இடத்திலிருந்து நீளமாகக் குழாய். 1981இல் வந்தவன். என்னைவிட மூத்தவன்.

அம்மா ஒரு நிமிடம் பார்த்தார். "தும்பிக்கையும் தொந்தியும்... பிள்ளையாராட்டம் இருக்கு. இதைப் போயி குப்பையைத் திங்க வைக்கிறீங்களே."

தட்டையான தரையில் ஹென்றி சமத்து. படிக்கட்டில்தான் வம்பு. கீழே வைத்தால் குழாய் ஏழாவது படிக்கு மேல் எட்டாது. மேலே வைத்தால் இழுக்கிற இழுப்பில் தொப்பியோடு உருண்டு வருவான், சிரித்துக்கொண்டே. ஒரு கையால் அவனைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் படியும் படியும் சேர்கிற உள்மூலையில் ஒல்லிக் குழாயை விட வேண்டும். தூசியெல்லாம் அங்கேதான். மிதிக்கிற இடம் எப்போதும் சுத்தமாகத்தான் தெரியும், ஏமாறக்கூடாது. முடிக்கு ஹென்றியும் போதாது. ரப்பர் கையுறையை லேசாக நனைத்து ஒரே பக்கமாக இழுத்தால் இடியாப்பம் மாதிரி திரண்டு வரும். முதல் தடவை வந்த அளவைப் பார்த்து என் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

ஜூனில் ஒரு புதன்கிழமை பாதிப் படிகளை முடித்திருந்தேன், அலுவலக மீட்டிங் வந்துவிட்டது. குழாயை அப்படியே போட்டுவிட்டு மேலே ஓடினேன். மீட்டிங் முடிந்ததும் கீழே போய் ஒரு தட்டில் சாம்பார் சாதம் போட்டுக்கொண்டு, கண்ணை போனில் வைத்தபடி ஏறினேன். ஏழாவது படியில் பிள்ளையாரின் தும்பிக்கை காலில் சிக்கியது.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. முருங்கைக்காய் மட்டும் வாசல்வரை போனது.

சாதத்தை வழித்தாயிற்று. மஞ்சள் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு நின்றது. அம்மாவும் மனைவியும் கடைக்குப் போயிருந்தார்கள். அவர்கள் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்கிற அவசரத்தில் சிங்க்குக்குக் கீழே இருந்த சலவை சோடாவை வெந்நீரில் கரைத்து ஊற்றித் தேய்த்தேன். அடுத்த நொடி மஞ்சள் போய்விட்டது. அந்த இடத்தில் செக்கச்செவேல் என்று ரத்தச்சிவப்பு!

கதவு திறந்தது. மனைவி பையைக் கீழே போட்டுவிட்டு, "ஏங்க, எங்க அடிபட்டுச்சு?" என்று ஓடி வந்தார். அம்மா நிதானமாகக் குனிந்து பார்த்தார்.

"ஆரத்தி எடுத்தியா?"

மஞ்சளில் சுண்ணாம்பைக் கலந்தால் ஆரத்தி சிவக்கும். சோடாவுக்கும் அதே காரக்குணம்தான். பள்ளிக்கூடத்தில் மஞ்சள் தாளில் சோப்புத் தண்ணீர் சொட்டிச் சிவந்ததைப் பார்த்துக் கைதட்டியவன் நான். அதன்பிறகு நாலு வருடம் கெமிக்கல் இன்ஜினியரிங்கும் படித்திருக்கிறேன். அம்மா அதைச் சொல்லாமல் விடுவாரா? "உங்கப்பா கட்டின ஃபீசுக்கு எலுமிச்சம்பழமா வாங்கியிருக்கலாம். ஒண்ணு எடுத்துட்டு வா."

எலுமிச்சைச் சாற்றைத் தண்ணீரில் கலந்து, வெள்ளைத் துணியால் தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுத்தார். சிவப்பு மறுபடி மஞ்சளாகத் திரும்பியது. முன்பைவிட வெளுப்பு, ஆனாலும் மஞ்சள்தான்.

"வேட்டின்னா வெயில்ல போட்டா போயிடும். படிக்கட்டை எந்தக் கொடியில காயப்போடறது?"

அவர் சொன்னது உண்மை. மஞ்சளின் நிறத்துக்கு வெளிச்சம் ஆகாது. கல்யாண வீட்டு சாம்பார் கறையெல்லாம் நம் ஊர் வெயிலில் இரண்டே நாளில் காணாமல் போவது அதனால்தான். ரெடிங்கிலும் ஜூனில் இரவு ஒன்பதுக்கு மேல்தான் சூரியன் மறைகிறது, குறை சொல்ல முடியாது. ஆனால் மாலை வெயில் வாசல் வழியாக மூன்றாவது படிவரைதான் வரும்.

அம்மா உள்ளே போய், ஊரிலிருந்து கொண்டு வந்த எவர்சில்வர் தாம்பாளத்தை எடுத்து வந்தார். வாசற்கதவைத் திறந்து வைத்து, தாம்பாளத்தை ஷூ ராக்கில் சாய்த்தார். இப்படி அப்படித் திருப்பியதும் ஏழாவது படியில் வட்டமாக வெளிச்சம் விழுந்தது. சூரியன் நகர நகர கால் மணிக்கொரு தரம் யாராவது திருப்ப வேண்டும். மீட்டிங்கில் "ஒரு நிமிடம்" என்று கேட்டுக்கொண்டு நான் தாம்பாளம் திருப்பப் போனதெல்லாம் அந்த வாரம் நடந்தது. எதிர்வீட்டுப் பெரியவர் தினமும் கையசைத்தார். எங்கள் சூரிய வழிபாடு என்று நினைத்திருப்பார் போல.

ஒன்பதாம் நாள் கறை வெளுத்து, தெரிந்தவர் கண்ணுக்கு மட்டும் தெரிகிற அளவுக்கு வந்தது. பத்தாம் நாள், வீட்டை வாடகைக்கு விட்ட லெட்டிங் ஏஜென்சியிலிருந்து மூன்று மாதத்துக்கொரு முறை நடக்கிற சோதனைக்கு ஒரு தம்பி வந்தான். கையில் டேப்லெட். சமையலறை, ஹால் எல்லாம் படம் எடுத்துவிட்டுப் படிக்கட்டுக்கு வந்தான்.

ஏழாவது படியில் அம்மா. மடியில் முறம், முறத்தில் வெந்தயக்கீரை.

அவன் தயங்கி, "ஆர் யூ ஓகே?" என்றான். அம்மா, "ஓகே, ஓகே" என்று முழங்காலை மட்டும் ஒரு ஓரமாக ஒதுக்கினார். அவன் சுவரோடு ஒட்டிக்கொண்டு ஏறினான், அப்படியே ஒட்டிக்கொண்டு இறங்கினான். படிக்கட்டு நல்ல நிலையில் இருப்பதாகப் பதிவு செய்துகொண்டு போனான்.

கதவைச் சாத்தியதும் அம்மா முறத்தோடு எழுந்தார். அவர் உட்கார்ந்திருந்த இடத்தைச் சுற்றி நாலைந்து படிக்குப் பச்சைப்பசேல் என்று கீரை இலை.

"போடா, பிள்ளையாரைத் தூக்கிட்டு வா" என்றார்.