மிளகாய் மகரந்தப்பையிலிருந்து ஒற்றைமடியச் செடி: ஆய்வகத்தில் கண்டவை

மிளகாயின் கலப்பினம் ஒன்றிலிருந்து தூய வழியை, அதாவது தலைமுறைதோறும் பண்பு மாறாத வழியைப் பெற வேண்டுமானால், தன்மகரந்தச் சேர்க்கை செய்துகொண்டே ஆறு முதல் எட்டுத் தலைமுறைகள் காத்திருக்க வேண்டும். மகரந்தப்பைக்குள் இருக்கும் நுண்வித்தையே (மகரந்தத் தூளாக முதிரவிருக்கும் இளஞ்செல்) ஒற்றைமடியச் செடியாக, அதாவது வழக்கத்தில் பாதிக் குரோமோசோம்களே உள்ள செடியாக வளர்த்து, அதன் குரோமோசோம்களை இரட்டித்துவிட்டால் அதே தூய வழி ஒரே தலைமுறையில் கைக்கு வந்துவிடும். அதற்காகவே என் ஆய்வுக்கு இம்முறையைத் தேர்ந்துகொண்டேன். 1964-இல் தில்லிப் பல்கலைக்கழகத்தில் சிப்ரா குஹாவும் மகேஸ்வரியும் ஊமத்தையின் மகரந்தப்பையிலிருந்து கருக்கள் தோன்றுவதைக் காட்டினார்கள். மிளகாய்க்கு நான் பின்பற்றிய செய்முறையின் அடிப்படை, பிரான்சில் துமா தெ வோ குழுவினர் 1981-இல் வெளியிட்டது.

செய்முறை ஏட்டில் ஒரே வரியில் முடிந்துவிடும் மொட்டுத் தேர்வுதான் என் நேரத்தைப் பெரிதும் எடுத்துக்கொண்டது. நுண்வித்து ஒற்றை உட்கரு நிலையின் இறுதிக் கட்டத்திலோ, முதல் உட்கருப் பிளவை ஒட்டியோ இருந்தால்தான் மகரந்தத் தூளாக முதிரும் பாதையிலிருந்து விலகிக் கருவாகும் பாதைக்குத் திரும்புகிறது. வெளியிலிருந்து பார்த்தால், அல்லி இதழ் புல்லியின் விளிம்பைத் தொட்டு அதைச் சற்றே தாண்டத் தொடங்கும் மொட்டு அது. பிரித்தால் மகரந்தப்பையின் நுனியில் மட்டும் இளம் ஊதா ஏறியிருக்கும். பை முழுவதும் ஊதாவாகிவிட்டால் பருவம் கடந்துவிட்டது, முற்றிலும் பச்சையாக இருந்தால் இன்னும் வரவில்லை. ஆனால் ஊதா நிறமே ஏறாத இரகங்களும் உண்டு என்பதால் நிறத்தை மட்டும் நம்ப முடியாது. ஒவ்வொரு அளவு மொட்டிலிருந்தும் ஒரு பையை நசுக்கி நுண்நோக்கியில் பார்த்து, அந்தச் செடிக்குரிய மொட்டு நீளத்தை முதலிலேயே வரையறுத்துக்கொண்டேன். அசிட்டோகார்மைன் சாயத்தில் மிளகாயின் உட்கரு தெளிவாகத் தெரியவில்லை. டிஎன்ஏவில் ஒட்டி ஒளிரும் டாபி சாயமேற்றி ஒளிர்நுண்நோக்கியில் பார்த்தபோதுதான் ஐயம் நீங்கியது. ஒரே பைக்குள்ளும் நுண்வித்துகள் ஒரே சீராக முதிர்வதில்லை என்பதையும் அப்போதே கண்டேன்.

தாய்ச்செடியின் நலம் இதற்குச் சற்றும் குறைந்ததன்று. இலைப்பேன் தாக்கிய செடியின் மொட்டுகளை எவ்வளவு கழுவினாலும் பெட்ரி தட்டில் பூஞ்சை எழுந்தது. எனவே வலைக்கூடத்தில் வளர்த்த இளஞ்செடிகளின் முதல் பூக்களையே பறித்தேன். எழுபது விழுக்காடு ஆல்கஹாலில் அரை நிமிடம், சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் பத்து நிமிடம், பிறகு நுண்ணுயிர் நீக்கிய நீரில் மூன்று முறை அலசல். இவ்வளவே போதுமானதாக இருந்தது. வடிகட்டிய காற்று வீசும் லேமினார் ஏர்ஃப்ளோ மேடைக்குள் பையைப் பிரிக்கும்போது மகரந்தக் கம்பியின் துணுக்குகூட ஒட்டியிருக்கக் கூடாது. அது இருந்தால் அதிலிருந்து காலஸ் எனப்படும் உருவமற்ற திசுத்திரள் பெருகும். அந்தத் திசு தாய்ச்செடியுடையது, நமக்குப் பயனற்றது. பையின் குழிந்த பக்கம், ஊட்டச்சத்துகள் கலந்த வளர்ப்பு ஊடகத்தைத் தொடும்படி வைத்தேன்.

முதல் எட்டு நாள் இருட்டில் 35 டிகிரி செல்சியஸ். பின்னர் 25 டிகிரியில் பன்னிரண்டு மணி நேர வெளிச்சம். முதல் ஊடகத்தில் 2,4-டி, கைனெட்டின் என்னும் இரு வளர்ச்சி ஹார்மோன்களும் இருந்தன; பன்னிரண்டாம் நாள், 2,4-டி இல்லாத, கைனெட்டின் மட்டும் உள்ள ஊடகத்துக்கு மாற்றம். வெப்ப அதிர்ச்சிதான் நுண்வித்தைத் திசைதிருப்புகிறது என்பதால், அந்த எட்டு நாளும் இன்குபேட்டருக்கு ஜெனரேட்டர் இணைப்பு கட்டாயம் வேண்டும்.

சில வாரங்களில் பழுப்பேறிய பை வெடித்து வெண்மையான கருக்கள் எட்டிப்பார்த்தன. அவற்றுள் பல உருக்குலைந்தவை: வித்திலைகள் ஒட்டிக்கொண்டவை, வேர் விட்டும் தண்டு நுனியே இல்லாதவை. நல்ல கருக்களை ஹார்மோன் சேர்க்காத ஊடகத்துக்கு மாற்றி, நாற்றானதும் தென்னை நார்க்கழிவில் நட்டு, பாலித்தீன் உறையைச் சிறிது சிறிதாகத் திறந்து பழக்கினேன். காரமிளகாயைவிடக் குடைமிளகாய் வகை பன்மடங்கு இணங்கியது. இரகத்தைப் பொறுத்தே எல்லாம் மாறுகிறது.

பச்சையாக முளைத்தது எல்லாம் ஒற்றைமடியம் அன்று. குறுகிய இலை, சிறிய பூ, காய் பிடிக்காமை ஆகியவை அடையாளங்கள்தான் என்றாலும் அவற்றுக்காகப் பூக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இலைத்துளைக் காப்புச் செல்களில் பசுங்கணிகங்களை எண்ணி (ஒற்றைமடியத்தில் அவை குறைவு) முதலில் வடிகட்டிவிட்டு, ஐயமானவற்றை, உட்கருவின் டிஎன்ஏ அளவைக் கணிக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கு அனுப்பினேன். வேர்நுனியில் 24-க்குப் பதில் 12 குரோமோசோம் தெரிந்தால் பேச்சே இல்லை. இரட்டைமடியமாகத் தெரிந்தவற்றை உடனே எறிந்துவிடவும் கூடாது, ஏனெனில் நுண்வித்து தானாகவே இரட்டித்திருக்கலாம். மகரந்தப்பைச் சுவரிலிருந்தும் முளைத்திருக்கலாம். தாய்ச்செடி கலப்பினம் என்பதால் டிஎன்ஏ குறியீடுகள் இதைப் பிரித்துக் காட்டின: பெற்றோர் இருவரின் பட்டைகளும் ஒரே இடத்தில் சேர்ந்து தெரிந்தால் அது சுவர்த்திசு, எல்லாக் குறியீடுகளிலும் ஒற்றைப் பட்டை மட்டும் தெரிந்தால் வைத்துக்கொள்ளத்தக்கது.

ஒற்றைமடியச் செடிகளின் நுனியைக் கிள்ளி, இலைக்கோண மொட்டுகளில், குரோமோசோம்களை இரட்டிக்கச் செய்யும் கால்ச்சிசினில் நனைத்த பஞ்சை வைத்தேன். அது நச்சுப்பொருள், கையுறையின்றித் தொடவே கூடாது. இரட்டித்த கிளையில் இலை அகன்று, பூ பெரிதாகி, மகரந்தம் உதிர்ந்தது. அந்தக் கிளையின் பூக்களுக்கு மட்டும் பை கட்டித் தன்சேர்க்கை செய்து, காய் பழுத்ததும் விதையைக் கிளைவாரியாகத் தனித்தனி உறையில் எடுத்து வைத்தேன்.