மழை நாளில் மணி அடிப்பதா, வேண்டாமா

கடந்த ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, இலங்கை மலையகத்தில் உள்ள எங்கள் தேயிலைத் தோட்டப் பாடசாலைக்கு மழையால் விடுமுறை என்ற செய்தி ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்து சேர்ந்தபோது காலை 6.50 ஆகியிருந்தது. தோட்டத்தின் மேற்பிரிவான மேல் கணக்குப் பிள்ளைகள் அதற்குள் ஓடையைத் தாண்டிப் பாதிவழி வந்துவிட்டார்கள். பாடம் 7.30க்குத் தொடங்குவதால், நான்கு கிலோமீற்றர் நடக்க வேண்டிய பிள்ளை ஆறு மணிக்கே லயத்தை, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டை, விட்டுப் புறப்பட்டுவிடும். தாயும் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் போயிருப்பாள். ஆகவே அந்தச் செய்தியை உரிய நேரத்தில் வாசித்தவர்கள் ஆசிரியர்களாகிய நாங்கள் மட்டுமே.

நனைந்த சீருடையோடு வாசலில் நின்ற முப்பத்தேழு பிள்ளைகளை அதிபர் திருப்பி அனுப்பவில்லை. அடுப்பு மூட்டித் தேநீர் கொடுத்து, ஒரே வகுப்பறையில் உட்கார வைத்து, மழை குறைந்த பிறகு தோட்டத்திலிருந்து வந்த பெற்றோரோடு அனுப்பி வைத்தார். நகரத்திலிருந்து வரும் ஆசிரியர்கள் மூவர், பாதையில் மரம் விழுந்ததால் பத்து மணிக்கு மேல்தான் வந்து சேர்ந்தார்கள். வரவுப் பதிவேட்டில் தாமதமாக வந்தவர்களைப் பிரித்துக் காட்டும் சிவப்புக் கோட்டுக்குக் கீழே கையொப்பம் இடுவதா, விடுமுறை நாளில் கையொப்பமே இடலாமா என்ற விவாதம் பிள்ளைகளின் ஈர உடையைவிட நீண்ட நேரம் நடந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

முடிவு தாமதமாக வருவதற்குக் காரணம் இல்லாமலில்லை. மாகாணம் முழுவதற்கும் ஒரே அறிவித்தல் என்பது மலைநாட்டு மழைக்குப் பொருந்தாது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை ஹட்டன், மஸ்கெலியா பக்கத்தை நனைக்கும்போது வெலிமடைப் பக்கம் ஓரளவு காய்ந்திருக்கும். டிசம்பருக்குப் பின் வடகீழ்ப் பருவமழை பதுளைச் சரிவுகளுக்கு உரியது. ஒரே கல்வி வலயத்திலும் ஒரு மலைக்கு இந்தப் பக்கம் வெள்ளம், அந்தப் பக்கம் தூறல்.

மண்சரிவைப் பொறுத்தவரை தெளிவான அளவுகோல் ஒன்று நம்மிடம் இருக்கிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும், 100 ஐத் தாண்டினால் ஆயத்தமாக வேண்டும், 150 ஐத் தாண்டினால் வெளியேற வேண்டும் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வகுத்த ஒழுங்கு. மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று பிரதேச செயலகப் பிரிவு வாரியாக அது எச்சரிக்கையும் வெளியிடுகிறது. பாடசாலையைப் பற்றிய முடிவும் மாகாண எல்லையைப் பாராமல் இந்த நிறங்களைப் பார்த்து எடுக்கப்பட வேண்டும், அதுவும் முதல்நாள் மாலையே எடுக்கப்பட வேண்டும் என்பது என் கருத்து.

ஆனால் மூடிவிட்டால் பிள்ளை பாதுகாப்பாக இருக்கும் என்று எண்ணுவதும் தவறு. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடியபோது, பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் உயிர் தப்பினார்கள். அவர்களில் சிலருக்குத் திரும்பிப் போக வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மலையகத்தில் பல குடும்பங்கள் தங்கியதும் பாடசாலைக் கட்டடங்களில்தான். பெற்றோர் கொழுந்து பறிக்கப் போன வீட்டில், மண்மேட்டுக்கு அடியில் உள்ள லய அறையில், தம்பியைப் பார்த்துக்கொள்ளும் பத்து வயதுப் பிள்ளைக்கு விடுமுறை என்பது என்ன பாதுகாப்பு? நண்பகலில் மழை வலுக்கும்போது அவசரமாக மணி அடித்துப் பிள்ளைகளை ஓடையோரப் பாதையில் இறக்கிவிடுவது எல்லாவற்றையும்விட ஆபத்தானது. வந்த பிள்ளையை, அழைத்துப் போக ஆள் வரும்வரை வைத்திருப்பதே சரி.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு நாங்கள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். தேயிலைத் தொழிற்சாலையில் அன்றாடம் மழை அளந்து எழுதுகிறார்கள். அடைமழை நாட்களில் மாலை ஆறு மணிக்கு அங்கிருந்து அதிபருக்கு அளவைச் சொல்வார்கள். அவர் வலயக் கல்விப் பணிமனையோடு பேசி முடிவெடுப்பார். கோயில் ஒலிபெருக்கியில் இரவுக்குள் அறிவித்துவிடுவோம். வாட்ஸ்அப் எட்டாத லயத்தையும் அந்த ஒலிபெருக்கி எட்டும்.

முதன்முறை அறிவித்தபோது மழைமானி 112 காட்டியது. மறுநாள் விடிந்ததும் வெயில் சுள்ளென்று அடித்தது. “சேர், மழைக்கு லீவா, வெயிலுக்கு லீவா?” என்று தோட்ட வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை ஒரு வாரம் கேட்டுக்கொண்டே இருந்தார். அந்த நாளுக்கான பதில் பாடசாலையைச் சனிக்கிழமை நடத்தினோம். அன்றைக்குத்தான் மழை கொட்டியது.