டிரம்ஸ் விட்டுவைத்த இடம்

ஜமைக்காவின் பழைய ரெக்கே பாட்டை டான்ஸ் ரீமிக்ஸ் செய்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் எனக்கு முதலில் பயம்தான் வரும். காரணம் டிரம்ஸ். ரெக்கேயில் 'ஒன் டிராப்' என்று ஒரு தாளம் உண்டு. நாலு எண்ணிக்கையில் முதல் தட்டைக் காலியாக விட்டுவிட்டு மூன்றாவதில்தான் கிக் டிரம் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) விழும், பாப் மார்லி குழுவில் கார்ல்டன் பாரெட் அதை வாசிப்பதைக் கேட்டால் அந்தக் காலி இடத்தில் நம் உடம்பு தானாகச் சாயும். கிளப்புகளில் ஆடப் போடும் ஹவுஸ் இசையில் நாலு தட்டிலும் கிக். பாரெட் எந்த இடத்தை விட்டுவைத்தாரோ சரியாக அங்கே போய் ஓர் அடி.

அதனால் ஃபங்ஸ்டார் டி லக்ஸ் என்ற டென்மார்க்காரர் 1999இல் செய்த 'சன் இஸ் ஷைனிங்' ரீமிக்ஸை வெகுநாள் கேட்காமலே தள்ளி வைத்திருந்தேன். பிரிட்டனில் மூன்றாம் இடம் வரை போன பாட்டு. மூலம் 1971இல் மார்லி குழு தயாரிப்பாளர் லீ பெர்ரியோடு பதிவு செய்தது, மெதுவானது, கொஞ்சம் ஏக்கம் கலந்தது. ஒரு ராத்திரி ஹெட்ஃபோனில் போட்டேன். கீழே தாளம் ஓடுகிறது, மேலே மார்லியின் குரல் துளி அவசரமில்லாமல் தன் நடையிலேயே போகிறது. அந்த இரண்டு வேகத்துக்கும் நடுவில் இருந்த இடைவெளிதான் என்னை மறுபடி மறுபடி கேட்க வைத்தது.

அப்புறம் யோசித்தால், ரீமிக்ஸ் ரெக்கேக்கு அந்நியமும் இல்லை. 1968 வாக்கில் ஜமைக்காவில் சவுண்ட் சிஸ்டம் (பெரிய ஸ்பீக்கர்களில் பாட்டுப் போட்டு ஆட வைக்கும் ஏற்பாடு) நடத்திய ரூடி ரெட்வுட்டுக்காகப் பாராகன்ஸ் குழுவின் பாட்டு ஒன்றை இசைத்தட்டு டிஸ்கில் வெட்டியபோது குரல் சேராமல் விட்டுப்போனது. அவர் அதை அப்படியே ஆட்டத்தில் போட, கூட்டமே வரிகளைப் பாடியது. பாட்டைக் குரலில்லாமல் போடும் 'வெர்ஷன்' என்கிற வழக்கம் அதிலிருந்து பரவியது. கிங்ஸ்டனில் ஆம்ப்ளிஃபையர் ரிப்பேர் பார்த்த கிங் டபி அதை இன்னும் தூரம் கொண்டுபோனார், குரலை எடுத்துவிட்டு பேஸையும் டிரம்ஸையும் மட்டும் நிறுத்தி, போன குரலில் ஒரு துணுக்கை எக்கோவில் திருப்பி அனுப்பினார். அதுதான் டப். எடுப்பதில் தொடங்கிய கலை இது!

நியூயார்க்கில் டாம் மோல்டன் என்ற ரீமிக்ஸ்காரர் செய்தது வேறு. மூன்று நிமிடத்தில் பாட்டு முடிந்து ஆடுகிறவர்கள் கலைவது அவருக்குப் பொறுக்கவில்லை, டேப்பை வெட்டி ஒட்டி சோல் பாட்டுகளை நீட்டினார். ஒருநாள் 7 அங்குல வெற்று டிஸ்க் தீர்ந்துபோக 10 அங்குலத்தில் வெட்டினார்கள். கோடுகள் தாராளமாக விரிந்ததில் சத்தம் கணீரென்று வந்தது, 12 அங்குல சிங்கிளுக்கு அதுவே வழி.

எல்விஸின் 1968 பாட்டு ஒன்றை ஜேஎக்ஸ்எல் என்ற டச்சு டிஜே 2002இல் ரீமிக்ஸ் செய்து பிரிட்டனில் முதலிடம் பிடித்ததும் எனக்குப் பிடிக்கும், ஆனால் அது ஏற்கெனவே குதிக்கிற பாட்டு. மெதுவான பாட்டைத் தொடுவதுதான் கஷ்டம். கிக்கை மட்டும் ஒட்டிவிட்டு வேலை முடிந்தது என்று விட்ட ரீமிக்ஸை ஒரு நிமிடத்திலேயே நிறுத்திவிடுவேன்.

இப்போதெல்லாம் 1999ஐ முதலில் போடுகிறேன், உடனே 1971. அந்த வரிசையில் கேட்டால் பழையதில் டிரம்ஸ் சும்மா இருக்கும் இடங்கள் முன்பைவிடப் பெரிதாகக் கேட்கின்றன.