மியூனிக்கில் ஒரு கதவு

செப்டம்பர் கடைசியில் மியூனிக் போக நினைப்பவர்களுக்கு என் முதல் அறிவுரை: போகாதீர்கள். அக்டோபர்ஃபெஸ்ட் என்று பெயர் வைத்துக்கொண்டு பீர் திருவிழாவைச் செப்டம்பரிலேயே தொடங்கிவிடுகிறார்கள். பலர் படுக்கும் அறையில் ஒரு மேல்கட்டிலுக்கு விடுதிக்காரர் கேட்ட வாடகையில், மற்ற மாதமென்றால் தனியறையே கிடைத்திருக்கும். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

வழி, செலவு, சாப்பாடு என்று வரிசையாக எழுதுவதாகத்தான் நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். ஒரு கதவு அந்த வரிசையைக் குலைத்துவிட்டது.

நகரின் நடுச் சதுக்கமான மரியன்பிளாட்ஸில் மணிக்கூண்டுப் பொம்மைகள் ஆடுவதைப் பார்க்கக் கூட்டம் கழுத்து வலிக்க நிற்கிறது. அத்தனை பெரிய விஷயமில்லை அது. அங்கிருந்து சில நிமிடங்கள் நடந்தால் யூதர்கள் வழிபடும் ஓஹெல் யாக்கோப் ஜெப ஆலயம். கரடுமுரடான வெளிர்நிற டிராவர்டைன் கல்சுவர். நடுவே நெடிய உலோகக் கதவு, புடாபெஸ்டில் செய்து கொண்டுவந்தது. கதவில் சிங்கமோ கொடியோ பூவோ இல்லை. எபிரேய அரிச்சுவடியின் முதல் பத்து எழுத்துகள்தான் அலங்காரம். எபிரேயத்தில் எழுத்தே எண்ணாகவும் வழங்கும்: அலெஃப் ஒன்று, யோத் பத்து. மோசே கடவுளிடம் பெற்ற பத்துக் கட்டளைகளுக்கு அடையாளமாக அந்தப் பத்து. உருவம் செய்யாதே என்பதும் அவற்றில் ஒரு கட்டளை; அதை ஓர் உருவமும் இல்லாமல் அந்தக் கதவே சொல்லிவிடுகிறது! இதைப் பார்த்தபின் ஐரோப்பியத் தேவாலயங்களின் சிற்பம் நெருக்கிய வெண்கலக் கதவுகள் எனக்கு வாயாடிகளாகத் தெரிகின்றன.

கல்லுக்கு மேலே உலோக வலை போர்த்திய கண்ணாடிப் பெட்டி. கீழே எருசலேம் ஆலயம், மேலே யூதர்களின் முன்னோர் பாலைவனத்தில் சுமந்து திரிந்த வழிபாட்டுக் கூடாரம் என்று கொள்ள வேண்டும்.

இந்நகரின் பழைய பிரதான ஜெப ஆலயத்தை 1938 ஜூனில் ஹிட்லரின் உத்தரவால் இடித்து, அந்த இடத்தை வண்டி நிறுத்துமிடம் ஆக்கினார்கள். அதே ஆண்டு நவம்பர் 9 இரவில் நாடெங்கும் ஜெப ஆலயங்கள் எரிந்தன. புதியதைத் திறந்தது 2006 நவம்பர் 9 அன்று. நாளைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

உள்ளே போக முன்பதிவு வேண்டும், பாஸ்போர்ட்டை மறக்காதீர்கள். ஹிட்லர் ஆட்சியில் கொல்லப்பட்ட 4,500க்கும் மேற்பட்ட மியூனிக் யூதர்களின் பெயர்களைத் தாங்கிய நிலத்தடி வழியை அவசியம் பாருங்கள்.

சாப்பாடு: பக்கத்திலுள்ள விக்டுவாலியன் சந்தையில் பிரெட்செல் என்ற முடிச்சு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வாங்கி நின்றபடியே சாப்பிடலாம், கட்டுப்படியாகும். பழச்சாறு பக்கம் மட்டும் போகாதீர்கள். கையளவு கோப்பைக்கு அநியாய விலை.