கால்வாயை அடைத்தால் படகு எப்படிப் போகும்?

"டெவலப்மெண்ட் படிப்புன்னா என்ன, காண்டோ கட்டுறதா?" என்று கேட்டார் பெரியப்பா. 2016இல் வங்கி வேலையை விட்டுவிட்டு இங்கிலாந்துக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். சிங்கப்பூரில் டெவலப்பர் என்றால் அடுக்குமாடி வீடு கட்டுகிறவரைத் தவிர வேறு யாரை நினைப்பார், பாவம். அனைத்துலக மேம்பாடு, அதாவது ஏழை நாடுகளின் முன்னேற்றம் பற்றிய படிப்பு என்று விளக்கினேன். "ஏழைங்களப் பத்திப் படிக்க இவ்வளவு காசா?" என்றார். அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

சுற்றுச்சூழல் வேலை என் கணக்கிலேயே கிடையாது. இந்தோனேசியாவில் தீப்பிடித்து சிங்கப்பூர்வரை பரவிய 2015 புகைமூட்டம் மட்டும் மனத்தில் ஒட்டியிருந்தது. செப்டம்பர் 25ஆம் தேதி பள்ளிகளையே மூடினார்கள். ஈசூன் வீட்டில் கதவிடுக்கில் ஈரத்துணி செருகிவிட்டு, அம்மா இன்ஹேலரைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தீ வைத்தவர்களை எல்லாரையும்போல நானும் திட்டினேன்.

ஆய்வேட்டுக்காக 2017இல் இந்தோனேசியாவின் மத்திய கலிமந்தானுக்குப் போனேன். 1990களில் அப்போதைய அதிபர் சுகார்த்தோவின் அரசு அங்கே பத்து லட்சம் ஹெக்டேரை நெல்வயலாக்கப் போகிறேன் என்று கால்வாய் கால்வாயாக வெட்டியது. நெல் விளையவில்லை. சதுப்பிலிருந்த தண்ணீர்தான் வடிந்தது. சதுப்பின் மண் பாதி மக்கிய செடிகொடிகளால் ஆன கரிமண்; அது காய்ந்துபோய்த் தீப்பிடித்தால் மேலே அணைந்தாலும் அடியில் வாரக்கணக்கில் புகையும். அதனால் தண்ணீர் வடியாமலிருக்கக் கால்வாய்களுக்குத் தடுப்பு கட்டத் தொடங்கியிருந்தார்கள்.

ரப்பர் தோட்டம் வைத்திருந்த ஒரு பெரியவர் அந்த மண்ணை ஒரு பிடி அள்ளி என் கையில் வைத்துப் பிழியச் சொன்னார். காப்பிக்கடைத் துணிவடியில் மிஞ்சுமே, அந்தக் காப்பித்தூள் மாதிரி இருந்தது; நடுவில் மக்காத வேர். நான் அரைகுறை மலாயில் கேட்டதற்கு அவர் பொறுமையாகச் சொன்னார்: மண்ணில் ஈரம் நிற்க வேண்டும், தெரியும். ஆனால் கால்வாயை அடைத்தால் ரப்பரை ஏற்றிய படகு எப்படிப் போகும்? நிலத்தைச் சுத்தம் செய்ய எரிப்பதைப் பற்றியும் கேட்டேன். சாம்பல் இந்த அமில மண்ணுக்கு உரம், இயந்திரம் வாடகைக்கு எடுக்கக் காசில்லை என்றார்.

யாருக்கு லாபம், யார் தலையில் செலவு என்று வகுப்பில் ஓராண்டு கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அந்தக் கரையில்தான் எனக்கு உறைத்தது.

ஊர் திரும்பிப் பதினோரு இடத்தில் விண்ணப்பித்தேன். "நீங்க சயன்ஸ் படிக்கலையே" என்று ஒரு நேர்காணல் ஐந்தே நிமிடத்தில் முடிந்தது. கோபம்தான். ஆனால் அவர் சொன்னதிலும் பாதி நியாயம் இருந்தது. மாலையில் உட்கார்ந்து வரைபட மென்பொருள் கற்றுக்கொண்டேன். இந்தப் படிப்புக்குப் போகிறவர்கள் அதைப் படிக்கும்போதே கற்றுக்கொண்டுவிடுங்கள்.

இப்போது இருப்பது ஓர் ஆலோசனை நிறுவனத்தில். சதுப்பை மீட்கும் திட்டங்களைச் சரிபார்ப்பது வேலை. சகாக்கள் செயற்கைக்கோள் படத்தில் தீப்புள்ளிகளைத் தேடுவார்கள். நான் கிராமக் கூட்டக் குறிப்பைப் படிப்பேன். போன வாரம் வந்த ஒரு கோப்பில் ஊரே சம்மதித்ததாக 43 கையெழுத்து. கூட்டம் நடந்தது காலை ஏழு மணிக்கு. ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் அந்த நேரத்தில் தோட்டத்தில் அல்லவா இருப்பார்கள்? பெண்கள் பெயர் மூன்றே மூன்று.

மாலையில் மறுபடி கூட்டம் வையுங்கள் என்று எழுதினேன். இரண்டு வாரம் தள்ளிப்போகும், அவசியமா என்று நேற்று பதில் வந்திருக்கிறது. அவர்கள் அனுப்பிய வரைபடத்தில் ஒன்பது தடுப்புகள். படகுக்கு எங்கே வழி விட்டிருக்கிறார்கள் என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.