வெள்ளரிக்காயைக் கொட்டச் சொன்ன நாள்

கோயிலில் ஆடிக் கூழ் ஊற்றும் இடத்தைச் சோதிக்கப் போன நகராட்சிச் சுகாதார ஆய்வாளர் நான். கூழ் அண்டாவை நான் தொடவே இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நன்றாகப் புளித்த கூழ், வாயில் துணி கட்டியிருந்தது, அந்தப் புளிப்பில் கிருமி அவ்வளவு சுலபமாகப் பெருகாது. நான் கொட்டச் சொன்னது தயிரில் போட்டுத் திறந்து வைத்திருந்த வெள்ளரிக்காயை மட்டும்தான். ஆடி மாதம் இங்கே குளிர்காலம் என்று பேர், ஆனால் தென்னாப்பிரிக்காவின் இந்த நேட்டால் கடற்கரையில் நண்பகல் வெயிலுக்கு ஈ மொய்க்கத்தான் செய்யும்.

சமைத்துக்கொண்டிருந்த ஆயா கோபப்படவில்லை. கரண்டியை வைத்துவிட்டு, "ஈ எங்கேருந்து வருதுன்னு பாத்தியா தம்பி?" என்று பந்தலுக்குப் பின்னால் கை காட்டினார். சாக்கடை மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, மலத்தண்ணீர் புல்லில் வழிந்துகொண்டிருந்தது. அதைச் சரிசெய்ய வேண்டியது எனக்குச் சம்பளம் கொடுக்கும் நகராட்சி. "அது வேற பிரிவு ஆயா, எழுதிப் போடுறேன்" என்றேன். அங்கே நின்றுகொண்டு வேறென்ன சொல்லியிருக்க முடியும்?

கொட்டச் சொன்னது சரிதான். ஈக்குப் பல் கிடையாது, கெட்டியான எதில் உட்கார்ந்தாலும் கொஞ்சம் கக்கிக் கரைத்துத்தான் உறிஞ்சும், அங்கேயே கழிந்தும் வைக்கும். மலத்தில் நடந்த கால் வேறு. சீதபேதி தரும் ஷிகெல்லா 10 முதல் 100 கிருமி உள்ளே போனாலே போதும். வரிசையில் முன்னால் நின்றவர்கள் எல்லாம் பிள்ளைகள். இதையெல்லாம் ஆயாவிடம் சொன்னேன், அவரும் மறுக்கவில்லை.

மறுக்காததுதான் உறுத்துகிறது. 1988-ல் இஸ்ரேல் ராணுவ முகாம்களில் ஈப்பொறி வைத்து ஈயைக் குறைத்தபோது ஷிகெல்லா பேதி 85 சதவீதம் குறைந்தது என்பதைப் பயிற்சி வகுப்புகளில் நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஈயைக் குறைக்க வேண்டும் என்பதுதானே அதன் பொருள்? 2000-ல் எங்கள் மாகாணத்து எம்பாங்கேனி ஊர்ப் பக்கம் காலரா வந்ததும் அப்படித்தான், காசு கட்டினால்தான் குழாய்த் தண்ணீர் என்று ஆனதும் சனங்கள் ஆற்றுத் தண்ணீரைக் குடித்தார்கள். அப்புறம் எல்லோருக்கும் கை கழுவப் பாடம் நடத்தினோம்.

எழுதிப் போட்டேன், ஆள் வந்து அடைப்பெடுத்தார்கள், மழைக்கு மறுபடி பொங்கியது. திரும்பவும் எழுதியிருக்கிறேன். என்னிடம் உள்ள நோட்டீஸ் புத்தகம் சமைப்பவருக்குக் கொடுப்பதற்கு மட்டும்தான். அடுத்த ஆடிக்கும் அந்தக் கோயில் என் பகுதியில்தான் வருகிறது, வெள்ளரிக்காய் திறந்திருந்தால் கொட்டத்தான் சொல்வேன். ஆயா முகத்தைப் பார்த்துச் சொல்வேனா என்பது வேறு.